ஷூ பாலிஷ் டப்பாவில் வார்த்த இதயத்துடிப்பு

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் ரிவ்யூவுக்கு முந்தைய இரவை நினைச்சுப் பாருங்க. சர்க்யூட் பிரெட்போர்டில் ஓடுகிறது. ஆனால் ஒரு ஒயரைத் தொட்டால் நின்றுவிடும். பாக்ஸ் இன்னும் தயாராகவில்லை. பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும் என்று யாரும் அளந்து பார்க்கவில்லை. கைடிடம் இன்னும் ஒரு வாரம் அவகாசம் கேட்கலாமா என்று ஹாஸ்டல் அறையில் பேசிக்கொண்டிருக்கிறீர்கள்.

அந்த நேரத்தில் ஒரு பெண் வந்து கதவைத் தட்டுகிறார். உங்களுடைய அந்த அரைகுறை சர்க்யூட்டை எடுத்துத் தன் கணவரின் உடம்புக்குள் வைத்துத் தைக்க வேண்டும் என்கிறார். தாமதித்தால் அவர் பிழைக்க மாட்டார் என்கிறார். நீங்க என்ன செய்வீங்க?

கற்பனை இல்லை. ஹாஸ்டல் மட்டும்தான் நான் சேர்த்தது. 1958-ல் சுவீடனில், ஸ்டாக்ஹோமை ஒட்டிய சோல்னாவில் நடந்தது இது. அந்தக் கணவரின் பெயர் ஆர்னே லார்சன். உடலுக்குள் பேஸ்மேக்கர் பொருத்தப்பட்ட உலகின் முதல் மனிதர். நம்ம ஆளுதான், அவரும் ஒரு எஞ்சினியர். இதைப் படிக்கிற உங்களில் பலர் பிறப்பதற்கு முன்பே இறந்துவிட்டார். ஆனால் இன்று உங்கள் தெருவில் நடந்து போகிற யாரோ ஒரு தாத்தாவின் காலர் எலும்புக்குக் கீழே, அவர் கதையின் தொடர்ச்சி துடித்துக்கொண்டிருக்கிறது.

முதலில் ஒரு சின்ன சர்க்யூட் பாடம்

இதயத்தை நாம் பம்ப் என்று படித்திருக்கிறோம். அந்த பம்புக்குள்ளேயே ஒரு ஆசிலேட்டரும் இருக்கிறது. வலது மேலறையில் உள்ள சைனஸ் முனை என்ற சின்னத் திசுக் கூட்டம், நிமிடத்துக்கு 60 முதல் 100 முறை ஒரு மின் சிக்னலைக் கிளப்புகிறது. அது மேலறைகளில் பரவி, நடுவில் இருக்கும் ஏ.வி. முனை வழியாகக் கீழறைகளுக்கு இறங்குகிறது. கீழறைகள் சுருங்குகின்றன, ரத்தம் பாய்கிறது.

இந்த நடுப் பாதை அறுந்துபோனால்? மேலே சிக்னல் வந்துகொண்டே இருக்கும், கீழே எதுவும் வந்து சேராது. இதற்கு முழு ஹார்ட் பிளாக் என்று பெயர். கீழறைகள் தாமாகவே ஏதோ ஒரு மெதுவான தாளத்தில், நிமிடத்துக்கு 20, 30, 40 என்று துடித்துச் சமாளிக்கப் பார்க்கும். சில சமயம் அதுவும் நின்றுவிடும். சில நொடிகள் நின்றாலே மூளைக்கு ரத்தம் போகாது. ஆள் நின்ற இடத்தில் விழுந்துவிடுவார். திரும்பத் துடித்தால் எழுந்திருப்பார், இல்லாவிட்டால் இல்லை.

லார்சனுக்கு வந்தது இதுதான். 1915 மே 26-ல் பிறந்தவர், நாற்பதைத் தாண்டிய வயது, நல்ல உழைப்பாளி. ஒரு வைரஸ் தொற்று இதயத் தசையைத் தாக்கி, அந்தச் சிக்னல் பாதையைக் கெடுத்துவிட்டது. 1958-ல் அவர் மாதக்கணக்கில் மருத்துவமனையில் கிடந்தார். ஒரு நாளைக்கு 20, 30 முறை நினைவிழந்து போவார். ஒவ்வொரு முறையும் யாராவது பக்கத்தில் இருந்து உயிரை மீட்க வேண்டும்.

ஒரு நிமிஷம் அவர் மனைவியின் இடத்தில் இருந்து யோசிங்க. ஒரு நாளைக்கு இருபது தடவை கணவர் இறந்து பிழைக்கிறார். எத்தனாவது தடவை பிழைக்காமல் போவார் என்று தெரியாது.

எல்ஸ் மரி வைத்த டெட்லைன்

மனைவியின் பெயர் எல்ஸ் மரி. கரோலின்ஸ்கா மருத்துவமனையில் ஓகே சென்னிங் என்ற அறுவை மருத்துவரும், எலெமா ஷோனாண்டர் என்ற மருத்துவக் கருவி நிறுவனத்தின் எஞ்சினியர் ரூனே எல்ம்க்விஸ்டும் சேர்ந்து, உடலுக்குள் வைக்கக்கூடிய ஒரு துடிப்புக் கருவியை விலங்குகளில் சோதித்து வருகிறார்கள் என்ற செய்தி அவருக்கு எட்டியது.

அந்தக் காலத்தில் பேஸ்மேக்கரே இல்லையா என்றால், இருந்தது. 1952-ல் அமெரிக்காவின் பாஸ்டனில் பால் ஸோல் மார்புத் தோலின் மேல் மின்வாய்களை வைத்து இதயத்தைத் துடிக்க வைத்தார். வேலை செய்தது. ஆனால் ஒவ்வொரு அடிக்கும் வலி, தோல் புண்ணாகும், கருவி சுவர் பிளக்கில் சொருகியிருக்க வேண்டும். 1957-ல் மினியாபொலிசில் ஏர்ல் பக்கன், இசைக்காரர்கள் தாளத்துக்கு வைத்துக்கொள்ளும் மெட்ரோனோமின் டிரான்சிஸ்டர் சர்க்யூட்டை அடிப்படையாக வைத்து, பேட்டரியில் ஓடும் சின்னப் பெட்டி ஒன்றைச் செய்தார். கழுத்தில் மாட்டிக்கொள்ளலாம். பெரிய முன்னேற்றம்தான். ஆனால் அதிலிருந்து ஒயர் தோலைத் துளைத்து உள்ளே போனது. ஒயர் நுழையும் அந்த ஓட்டைதான் கிருமிகளுக்கு வாசல்.

ஆகவே சென்னிங்கின் யோசனை எளிமையானது: பெட்டி, பேட்டரி, ஒயர் எல்லாவற்றையும் உள்ளே வைத்துத் தோலை மூடிவிட வேண்டும். சொல்வது எளிது. மனிதனுக்கு வைக்கும் அளவுக்குக் கருவி அப்போது தயாராக இல்லை. எல்ஸ் மரிக்கும் அதைத்தான் சொன்னார்கள்.

அவர் அதை ஒரு பதிலாகவே எடுத்துக்கொள்ளவில்லை. தயாராக இல்லையென்றால் தயார் செய்யுங்கள் என்பதுதான் அவர் நிலை. மருத்துவமனைக்கும் எலெமா ஆய்வகத்துக்கும் மாறி மாறி நடந்தார். டாக்டரிடம் போனால் கருவி இல்லை என்பார், எஞ்சினியரிடம் போனால் இன்னும் முடியவில்லை என்பார். இரண்டு பக்கமும் விடாமல் போய் நின்றார். கடைசியில் இருவரும் ஒப்புக்கொண்டார்கள். இந்தக் கதையில் எந்த எஞ்சினியரிங் பட்டமும் இல்லாமல் டெட்லைன் வைத்தவர் இவர்தான்.

இரண்டு டிரான்சிஸ்டர், ஒரு டப்பா

எல்ம்க்விஸ்ட் சுவாரசியமான ஆள். மருத்துவம் படித்துவிட்டு எஞ்சினியராக வாழ்ந்தவர். மை பீய்ச்சி எழுதும் ஈ.சி.ஜி. பதிவுக் கருவியை உருவாக்கியவர் அவர். நம்ம இங்க்ஜெட் பிரிண்டரின் மூதாதைகளில் ஒன்று அது.

லார்சனுக்காக அவர் செய்த சர்க்யூட்டை இன்று இரண்டாம் ஆண்டு ஈ.சி.இ. மாணவர் வரைந்துவிடுவார். இரண்டு சிலிக்கான் டிரான்சிஸ்டர்கள் கொண்ட ஒரு பிளாக்கிங் ஆசிலேட்டர். சுமார் 2 வோல்ட் உயரமும் 1.5 மில்லி செகண்ட் அகலமும் உள்ள பல்ஸ், நிமிடத்துக்கு 70 சொச்சம். அவ்வளவுதான். ஆனால் அந்தச் சிலிக்கான் என்ற சொல்லைக் கவனிங்க. அப்போது பரவலாகக் கிடைத்தது ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர். உடல் சூட்டிலேயே அதில் கசிவு மின்னோட்டம் கூடிவிடும், சின்ன பேட்டரி அந்தக் கசிவிலேயே காலியாகும். சிலிக்கான் கைக்கு வந்த பிறகுதான் இந்த யோசனைக்கே உயிர் வந்தது.

பேட்டரி நிக்கல் காட்மியம். வயிற்றுக்குள் இருக்கும் பேட்டரியை எப்படி சார்ஜ் செய்வது? உள்ளே ஒரு காயில், வெளியே தோலின் மேல் ஒரு காயில், சுமார் 150 கிலோ ஹெர்ட்ஸில் இண்டக்ஷன். உங்கள் மேசையில் இருக்கும் வயர்லெஸ் போன் சார்ஜரும் ஏறத்தாழ அதே அலைவரிசை வட்டாரத்தில்தான் வேலை செய்கிறது. 1958-ல் ஒரு மனிதரின் வயிற்றுக்காக அது யோசிக்கப்பட்டுவிட்டது.

எல்லாவற்றையும் உடல் ஏற்கும்படி மூட வேண்டுமே, அதற்கு எபாக்சி பிசின். பிசினை வார்க்க ஒரு அச்சு வேண்டும். சுற்றிலும் பார்த்தார், அளவாக ஒரு ஷூ பாலிஷ் டப்பா இருந்தது. குறுக்களவு சுமார் 55 மில்லிமீட்டர், தடிமன் 16 மில்லிமீட்டர். உலகின் முதல் உள்பொருத்து பேஸ்மேக்கரின் வடிவத்தை முடிவு செய்தது அந்த டப்பாதான். நம்ம ப்ராஜெக்டுக்கு டிபன் பாக்ஸை என்குளோஷராகப் போட்டதற்கு இனி யாராவது சிரித்தால் இதைச் சொல்லுங்க.

அக்டோபர் 8

1958 அக்டோபர் 8, மாலை. ஆபரேஷன் தியேட்டர் பக்கம் நடமாட்டம் குறைந்த நேரமாகப் பார்த்து, சத்தமில்லாமல் செய்தார்கள். லார்சனுக்கு வயது 43. சென்னிங்கும் அதே 1915-ல் பிறந்தவர்தான். மார்பைத் திறந்து, இரண்டு மின்வாய்களை இதயத் தசையில் தைத்து, ஒயரைக் கீழே கொண்டுவந்து, பெட்டியை வயிற்றுத் தோலுக்கு அடியில் வைத்து மூடினார்கள்.

இதயம் துடித்தது.

சில மணி நேரம்தான். பிறகு கருவி கைவிட்டது.

நல்லவேளை, எல்ம்க்விஸ்ட் இரண்டு கருவிகள் செய்திருந்தார். இரண்டாவதை வைத்தார்கள். அதுவும் அதிக காலம் தாங்கவில்லை. அதற்குப் பிறகு லார்சன் இடையில் பேஸ்மேக்கர் இல்லாமலும் காலம் தள்ளினார். அடுத்த உள்பொருத்து கருவி அவருக்கு 1961-ல்தான் கிடைத்தது.

இங்கே கொஞ்சம் நிற்போம். இதை ரிவ்யூ பேனல் முன் வைத்தால் என்ன மார்க் கிடைக்கும்? முதல் கருவி சில மணி நேரம், இரண்டாவதும் அற்பாயுசு. தோல்வி என்று எழுதிவிட்டுப் போய்விடலாம். தவிர, அதன் விலை கம்ப்யூட்டர் லேபில் கொடுக்கப்படவில்லை. ஒவ்வொரு தவறும் ஒரு மனிதரின் உடம்பில் நடந்தது, ஒவ்வொரு திருத்தத்துக்கும் அவரைக் கிழித்துத் தைக்க வேண்டியிருந்தது. இன்று நெறிமுறைக் குழு, படிப்படியான சோதனை, கையெழுத்திட்ட ஒப்புதல் எதுவும் இல்லாமல் இப்படிச் செய்ய முடியாது, செய்யவும் கூடாது. அந்த விதிகள் நியாயமானவை.

ஆனால் சோல்னாவில் எதிர்ப்பக்கம் இருந்தது என்ன? பாதுகாப்பாகக் காத்திருப்பது என்ற வழி லார்சனுக்கு இல்லவே இல்லை. காத்திருந்தால் நிச்சயம் போவார், முயன்றால் ஒருவேளை இருப்பார். எல்ஸ் மரி போட்ட கணக்கு இதுதான். அந்தக் கணக்கில் தவறு கண்டுபிடிக்க எனக்குத் தெரியவில்லை. நீங்களும் போட்டுப் பாருங்க.

22 ஜெனரேட்டர்கள்

1961-க்குப் பிறகு லார்சன் பேஸ்மேக்கரோடு வாழ ஆரம்பித்தார். வேலைக்குப் போனார், பயணம் செய்தார், மற்றவர்களைப் போல வயதானார். அது ஒன்றும் சுலபமான பயணம் இல்லை. 2001 வரை அவருக்கு மொத்தம் 22 பல்ஸ் ஜெனரேட்டர்களும் 5 லீட் அமைப்புகளும் தேவைப்பட்டன. வரிசையாகப் பார்த்தால், பேஸ்மேக்கர் தொழில்நுட்பத்தின் முழு வரலாறும் அந்த ஒரே உடம்பில் எழுதப்பட்டிருக்கிறது.

ஏன் இத்தனை? முதல் எதிரி பேட்டரி. ஆரம்பத்தில் ரீசார்ஜ், பிறகு பாதரச செல், அது ஒன்றிரண்டு வருடத்தில் தீர்ந்துவிடும். 1970-களில் வில்சன் கிரேட்பேட்ச் கொண்டுவந்த லித்தியம் அயோடின் பேட்டரிதான் ஆயுளைப் பல வருடங்களாக நீட்டியது. இரண்டாவது எதிரி ஈரம். எபாக்சி பார்க்கத்தான் திடமாக இருக்கும், உடலின் ஈரம் மெல்ல மெல்ல உள்ளே ஊறிவிடும். பற்றவைத்து மூடிய டைட்டானியம் கூடு வந்த பிறகுதான் அது நின்றது.

மூன்றாவது எதிரி ஒயர். இதை ஒரு கணக்காகவே போடலாம். நிமிடத்துக்கு 70 துடிப்பு என்றால் ஒரு நாளைக்கு 1,00,800. ஒரு வருடத்தில் சுமார் 3 கோடியே 68 லட்சம். ஒவ்வொரு துடிப்புக்கும் லீட் ஒருமுறை வளைந்து நிமிர்கிறது. ஃபடீக் டெஸ்ட் என்று மெட்டீரியல்ஸ் லேபில் படித்தோமே, அதை விடுமுறையே இல்லாமல் உடம்புக்குள் நடத்துவது மாதிரி.

நான்காவது, கருவியின் முட்டாள்தனம். முதல் பேஸ்மேக்கருக்குக் காது கிடையாது. இதயம் தானாகத் துடித்தாலும் இது பாட்டுக்குத் தன் தாளத்தில் அடித்துக்கொண்டே இருக்கும். தவறான நொடியில் அடித்தால் ஆபத்தான துடிப்புக் குழப்பமும் வரலாம். 1960-களில் பரோ பெர்கோவிட்ஸ் உருவாக்கிய டிமாண்ட் பேஸ்மேக்கர் இதயத்தைக் கேட்கக் கற்றுக்கொண்டது. தேவைப்பட்டால் மட்டும் அடிக்கும், இல்லாவிட்டால் சும்மா இருக்கும். பின்னால் வந்தவை உடல் அசைவை ஆக்ஸிலரோமீட்டரால் உணர்ந்து, நீங்க படியேறினால் துடிப்பைக் கூட்டும், உட்கார்ந்தால் குறைக்கும்.

இன்று ஒருவர் வைத்துக்கொள்ளப் போனால்

லார்சனுக்கு மார்பையே திறந்தார்கள். இன்று பெரும்பாலானவர்களுக்கு காலர் எலும்புக்குக் கீழே ஒரு சின்ன வெட்டு, அந்த இடத்தை மட்டும் மரக்கச் செய்து, நரம்பு என்று நாம் சொல்லும் ரத்தக்குழாய் வழியாக லீடை இதயத்துக்குள் இறக்குகிறார்கள். ஒன்று, இரண்டு மணி நேர வேலை. பிறவியிலேயே ஹார்ட் பிளாக் உள்ள இளைஞர்களும் உண்டு, எனவே இது தாத்தா பாட்டி சமாச்சாரம் என்று ஒதுக்க வேண்டாம்.

போவதற்கு முன் டாக்டரிடம் சொல்ல வேண்டியவை மூன்று. ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரைகள், சர்க்கரை நோய் மாத்திரைகள், ஒவ்வாமை. இவற்றைத் தாமாக நிறுத்தக்கூடாது, சொல்லிவிட்டு அவர் சொல்வதைச் செய்ய வேண்டும். எந்தக் கையால் அதிகம் வேலை செய்வீர்கள், என்ன தொழில், என்ன விளையாட்டு என்பதையும் சொல்லுங்க. பெட்டியை எந்தப் பக்கம் வைப்பது என்பதற்கு அது உதவும்.

வந்த பிறகு, முதல் நான்கு முதல் ஆறு வாரம் அந்தப் பக்கக் கையைத் தோளுக்கு மேல் தூக்கக்கூடாது, கனம் தூக்கக்கூடாது. இதயத் திசு லீடின் நுனியைப் பிடித்துக்கொள்ள அந்த அவகாசம் வேண்டும், அதற்குள் இழுத்தால் இடம் மாறிவிடும். அதற்காகக் கையை அசைக்காமலே வைத்திருந்தால் தோள் இறுகிவிடும். மெதுவான அசைவு வேண்டும். புண்ணில் சிவப்பு, வீக்கம், சீழ், காய்ச்சல் இருந்தாலோ, மறுபடி மயக்கம் வந்தாலோ காத்திருக்காமல் போய்க் காட்ட வேண்டும்.

போனைச் சட்டைப் பையில் வைக்கக்கூடாது. பேஸ்மேக்கரிலிருந்து குறைந்தது 15 சென்டிமீட்டர் தள்ளி, எதிர்ப்பக்கக் காதில் பேசலாம். ஏன் தெரியுமா? வலுவான காந்தம் அருகில் வந்தால் பெரும்பாலான பேஸ்மேக்கர்கள் கேட்பதை நிறுத்திவிட்டு நிலையான தாளத்தில் அடிக்கும்படி அமைக்கப்பட்டவை. காந்தம் விலகியதும் பழையபடி ஆகிவிடும். அதாவது சட்டைப் பையில் இருக்கும் ஒரு காந்தப் போன், இன்றைய கருவியைச் சில நொடிகள் 1958-க்கு அனுப்பிவிட முடியும்.

இண்டக்ஷன் அடுப்பிலிருந்து சுமார் 60 சென்டிமீட்டர் தள்ளி நிற்பது நல்லது. விமான நிலைய மெட்டல் டிடெக்டர் வாசலில் நிற்காமல் நடந்து போய்விடலாம், கைக்கருவியை நெஞ்சின் மேல் பிடிக்க வேண்டாம் என்று அட்டையைக் காட்டிச் சொல்ல வேண்டும். நம்ம ஒர்க்‌ஷாப்பில் இருக்கிற ஆர்க் வெல்டிங் மெஷினை டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது. எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டியிருந்தால் முன்கூட்டியே சொல்ல வேண்டும். அதற்கு ஏற்ற கருவிகள் இப்போது உண்டு, ஆனால் ஸ்கேனுக்கு முன் அவற்றை அதற்கென மாற்றி அமைக்க வேண்டும்.

புண் ஆறி, டாக்டர் சரி என்றபின் நடை, ஓட்டம், சைக்கிள், பேட்மிண்டன் எல்லாம் உண்டு. கபடி போல நெஞ்சில் மோதும் விளையாட்டுக்கு மட்டும் கேட்டுக்கொள்ளுங்க. வருடத்துக்கு ஒன்றிரண்டு முறை செக்கப். பேட்டரி சுமார் 8 முதல் 12 வருடம். தீரப்போகிறது என்பதைக் கருவி முன்பே காட்டிவிடும். அப்போது பேட்டரியை மட்டும் கழற்றி மாட்ட முடியாது, மூடிய பெட்டி என்பதால் ஜெனரேட்டர் முழுவதையும் மாற்றுவார்கள். லீட் நன்றாக இருந்தால் அதிலேயே புதுப் பெட்டியை இணைத்துவிடலாம்.

இன்னொன்று, யாரும் பேசத் தயங்குவது. பேஸ்மேக்கர் வைத்தவர் இறந்தால், எரியூட்டுவதற்கு முன் கருவியை எடுத்துவிட வேண்டும். சூட்டில் அது வெடிக்கும். நம் ஊரில் பெரும்பாலும் எரிப்பதுதான் வழக்கம் என்பதால் வீட்டில் ஒருவராவது இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

86

எல்ம்க்விஸ்ட் 1996-ல் இறந்தார். சென்னிங் 2000-ல் இறந்தார். செய்தவரும் வைத்தவரும் போன பிறகும் அவர்களுடைய நோயாளி இருந்தார். ஆர்னே லார்சன் 2001 டிசம்பர் 28-ல், 86-வது வயதில் இறந்தார். காரணம் இதயம் இல்லை, தோல் புற்றுநோய். ஒரு நாளைக்கு இருபது முறை நின்ற இதயம், முதல் கருவி வைத்த நாளிலிருந்து 43 வருடம் ஓடியது. அன்று அவருக்கு இருந்த வயது அளவுக்கு இன்னொரு வாழ்க்கை.

அந்த 43 வருடத்தைக் கொடுத்தது முதல் கருவி இல்லை. அது அன்றைக்கே நின்றுவிட்டது. ஆனால் அதைச் செய்தவர்கள் நிற்கவில்லை, அதைத் தாங்கியவரும் அடுத்தது வேண்டாம் என்று சொல்லவில்லை. உங்கள் டெமோ பேனல் முன்னால் நின்றுபோகும் நாளில் இதை நினைத்துக்கொள்ளுங்க. என்ன நின்றது, ஏன் நின்றது என்று எழுதி வைத்துக்கொண்டு அடுத்ததைத் தொடங்குங்க.

அப்புறம் ஒரு சின்ன வேலை. இந்த விடுமுறையில் ஊருக்குப் போகும்போது, வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ பேஸ்மேக்கர் வைத்தவர் யாராவது இருந்தால், அவருடைய பேஸ்மேக்கர் அட்டை எங்கே என்று கேளுங்க. பெரும்பாலும் பீரோவில், பத்திரமாக, யாருக்கும் உதவாத இடத்தில் இருக்கும். எடுத்து அவர் பர்ஸில் வையுங்க. போனைச் சட்டைப் பையிலிருந்து வேட்டி மடிப்புக்கோ கைப்பைக்கோ மாற்றச் சொல்லுங்க. ஏன் என்று கேட்டால், ஷூ பாலிஷ் டப்பாவிலிருந்து கதையை ஆரம்பியுங்க.